பொன்னிக்குச் சாம்பிராணி

சம்பந்தியம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் செய்து, "ஒரு நாள் சும்மா வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போறேன்" என்று சொன்னபோதே சந்திரம்மாள் அதை நம்பவில்லை. ஸ்ரீரங்கத்தில் காபி கிடைக்காமலா ஒரு மனுஷி ஆற்றைத் தாண்டி, ஊரையும் தாண்டி, கே.கே. நகர் வரைக்கும் வருவாள்? வருவது மூக்கை வைத்துப் பார்ப்பதற்கு. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பாஷை தானாகவே புரிந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகள் யாழினிக்கு ஏழாம் மாதம் பிறக்கப்போகிறது. வளைகாப்பு முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம். சந்திரம்மாள் மாடி அறைக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்டக் கொக்கி கூட அடித்து வைத்துவிட்டாள். ஆனால் தீபாவளிக்கு வந்திருந்தபோது சம்பந்தியம்மாள் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. போன பிறகு மருமகளிடம் சொல்லியிருக்கிறாள்: "பச்சை உடம்புக்காரியையும் பச்சைக் குழந்தையையும் அந்த நாத்தத்துல எப்படிம்மா விடுறது?"

நாற்றத்துக்குக் காரணம் பொன்னி. சந்திரம்மாளின் கணவர் அன்புச்செல்வனுடைய நாய். கோல்டன் ரெட்ரீவர் என்று ஜாதிப் பெயர், தெருக்காரர்கள் வாயில் அது சடைநாய். மேலே நீளமாக ஒரு முடி, அடியில் பஞ்சு அடைத்த மாதிரி இன்னொரு முடி. பனி பெய்கிற தேசத்துக்கென்று தைத்துக் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு அந்த ஜீவன் திருச்சி வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கும். மழைக்காலத்தில் அந்த அடிமுடியில் இறங்குகிற ஈரம் சீக்கிரத்தில் காயாது. காயாத ஈரம் என்ன செய்யும்? நாறும்.

"அவங்க வந்துட்டுப் போறப்ப மூக்கைச் சுளிச்சாங்கன்னா, மறுநாளே பொன்னி எங்க அண்ணன் தோப்புக்குப் போயிடணும். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் சந்திரம்மாள்.

"நாயாங்க முக்கியம்? பொண்ணா?" என்று வேறு கேட்டாள். அன்புச்செல்வன் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுப் போய்ப் பொன்னியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மைத்துனரின் தென்னந்தோப்பு முசிறிப் பக்கம் இருந்தது. அங்கே மோட்டார் கொட்டகைத் தூணில் எப்போதும் ஒரு நாய் கட்டிக் கிடக்கும். ஒன்று செத்தால் இன்னொன்று வரும், எதற்கும் பெயர் வைத்ததில்லை. இவ்வளவு முடியோடு அந்தத் தகரத்துக்கு அடியில் பொன்னி ஒரு கோடையைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பேச்சுக்கும் காரணமான அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று அன்புச்செல்வனுக்குத் தெரியாது. அவருக்கு மூக்கு வேலை செய்யாது.

கொரோனா வந்த வருஷம் போனது. காய்ச்சல் கண்ட ஊர்க்காரர்களுக்கெல்லாம் சில வாரத்தில் மூக்கு திரும்பி வந்தது, அவருக்கு வரவே இல்லை. போயும் போயும் யாருடைய மூக்கு போக வேண்டும்? சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தம்பியோடு சேர்ந்து காபித்தூள் கடை நடத்தியவர் அவர். கொட்டை வறுபடும்போது வாசனையை வைத்து எந்த நொடியில் இறக்குவது என்று சொல்ல வேண்டியவர். ஒரு நாள் மொத்தச் சட்டியும் கருகியது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள், இவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு தம்பி, "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகச் சொல்லப்படுகிற விஷயத்துக்கு எதிர்ப்பேச்சுப் பேச முடியாது, அதுதான் அதில் உள்ள கஷ்டம்.

சோறு வைக்கோலாகவும் குழம்பு வெந்நீராகவும் ஆகிவிட்ட அந்த நாட்களில்தான் யாழினி ஒரு அட்டைப்பெட்டியில் பொன்னியைக் கொண்டுவந்தாள். அப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கல்யாணமாகி ஸ்ரீரங்கம் போனாள், நாய் இங்கேயே தங்கிவிட்டது. பொன்னி அவரைக் கால் கட்டைவிரலிலிருந்து காது மடல் வரைக்கும் தினமும் ஒரு தரம் முகர்ந்து பார்க்கும். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே முகர்ந்துவிடுவதென்று முடிவு செய்த மாதிரி இருக்கும். மத்தியானத்தில் அவர் அதன் கழுத்து முடியில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொள்வார். வாசனை கிடையாது, வெதுவெதுப்பு மட்டும் இருக்கும். வறுத்த கொட்டையை மறந்துவிட்டு அவர் மறுபடியும் ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்தது அப்படித்தான். மூக்கு போன மனுஷனிடம் ஒரு குறையும் காணாத ஒரே ஜீவன் அது. அதைத் தூணில் கட்டக் கொடுப்பாரா?

தில்லை நகரில் நாய்களுக்குக் குளிப்பாட்டி முடி சீவிவிடும் கடை ஒன்று இருந்தது. முதல் வேலையாகப் பொன்னியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். அங்கிருந்த சம்ரீன் என்ற பெண் பெரிய பிளோயரை வைத்து அடிமுடி வரைக்கும் ஊதிக் காயவைத்து, சீப்பை வேர் வரைக்கும் இறக்கிச் சீவிக் கொடுத்தாள். கூடவே, "மூணு வாரத்துக்கு ஒரு தடவை குளிப்பாட்டினா போதும் அங்கிள். ஆனா உள்முடி சுத்தமா காயணும். வெயிலுக்குப் பாவம்னு முடியை மட்டும் ஒட்ட வெட்டிடாதீங்க, தோல் கெட்டுப் போகும்" என்றாள்.

இந்தப் பேச்சில் முடி வெட்டக் கூடாது என்பது அவருக்குப் பிடித்திருந்தது, அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்பது பிடிக்கவில்லை. அதென்ன கணக்கு? மனுஷன் தினம் குளிக்கிறான். சாமிக்கே தினம் திருமஞ்சனம் ஆகிறது. நாற்றம் போக வேண்டுமென்றால் தினமும் குளிக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இல்லையா? நாற்றத்தை முகர முடியாதவருக்கு அதை ஒழிக்க ஒரே வழி, இருக்கிறதோ இல்லையோ, கழுவிக்கொண்டே இருப்பதுதான்.

ஆகவே தினமும் காலையில் பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டார். ஷாம்பு, அதற்குப் பிறகு சீயக்காய், அதற்கும் பிறகு வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். குளியல் முடிந்ததும் காயவைக்க அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாழினி குழந்தையாக இருந்தபோது தலைக்கு ஊற்றிவிட்டு, தணலில் சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் தலைமுடியை விரித்துக் காயவைப்பார்கள். அதே மாதிரி பொன்னியைப் படுக்கவைத்துப் பக்கத்தில் தூபக்காலை வைத்து, முடியைக் கையால் கோதிக் கோதிப் புகை காட்டினார். குழந்தைக்கு இருந்தது ஒரு கைப்பிடி முடி, இதற்கு இருப்பது ஒரு மெத்தை. மேல்முடி உலர்ந்து பட்டாக மின்னியது. அடிமுடியில் புகையும் போகவில்லை, ஈரமும் போகவில்லை.

சரி, நாற்றம் குறைந்ததா இல்லையா என்று யாரைக் கேட்பது? சந்திரம்மாளைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பொன்னி வந்த முதல் நாளே, அது கையகலக் குட்டியாக இருந்தபோதே, "நாறுது" என்று சொன்னவள் அவள். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளிடம் தீர்ப்புக் கேட்பது எதிர்க்கட்சிக்காரனிடமே ஓட்டுப் பெட்டியைக் கொடுக்கிற மாதிரி என்று அன்புச்செல்வன் நினைத்தார். அதனால் பக்கத்து வீட்டு பரக்கத் அலியை நடுவராக வைத்துக்கொண்டார்.

பரக்கத் அலி பல வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தங்கமான மனுஷர். ஒருவரைப் புண்படுத்துகிற மாதிரி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. தள்ளுவண்டிக்காரன் அழுகின தக்காளியைத் தலையில் கட்டினால்கூடத் திருப்பிக் கொடுக்க நா எழாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார், அவர் மனைவி ஷரபுன்னிசாதான் வெளியே வந்து சண்டை போட்டு மாற்றுவாள். இப்படிப்பட்டவரைப் போய் நடுவராகப் போடலாமா என்று யாராவது அன்றைக்கே அன்புச்செல்வனைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை.

"பாய், கொஞ்சம் மூக்கு வெச்சுப் பாத்துச் சொல்லுங்களேன். நாத்தம் இருக்கா?"

பரக்கத் அலி கேட்டுக்கு வெளியே நின்று மூச்சை இழுப்பார். தொழுகைக்குக் கிளம்பி, ஒளுச் செய்து, கைகால் முகம் கழுவிச் சுத்தமாகப் பள்ளிவாசலுக்குப் போகிற நேரம் அது. ஈர நாய் வந்து உரசிவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கழுவி, உடுப்பு மாற்றி வர வேண்டும். அது அன்புச்செல்வனுக்கும் தெரியும். அதனால் 'கிட்ட வந்து பாருங்க' என்று அவர் ஒரு நாளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பாய் தட்டமாட்டார், வந்து சங்கடப்படுவார். 'இங்கேருந்து சரியாத் தெரியல' என்று பாயும் ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் சார் வருத்தப்படுவார். இருவருக்கும் நடுவில் கேட்டும், முற்றமும், தூபக்காலிலிருந்து எழும் புகையும் இருந்தன.

"மாஷா அல்லாஹ், கமகமன்னு இருக்கு சார்" என்பார் பரக்கத் அலி. அன்புச்செல்வன் முகம் மலர்ந்துவிடும்.

கொஞ்ச நாளில் சந்திரம்மாள் ஒரு விஷயம் சொன்னாள். "என்னங்க, நாத்தம் இப்ப வேற மாதிரி இருக்கு. பின்பக்கம் வால்கிட்டேருந்து வருது. ஈ வேற மொய்க்குது, பாருங்க."

"உனக்கு எப்பத்தான் நாறல?"

"இல்லீங்க, இது ஈர நாத்தம் இல்ல. எலி செத்த மாதிரி..."

"பாய் வாசல்ல நின்னு சொல்றார், மணக்குதுன்னு. உனக்கு மட்டும் எலி செத்துப் போச்சா?"

அவள் உள்ளே போனாள். பொன்னி வந்த நாளிலிருந்து நாற்றம் நாற்றம் என்று சொன்னவள் பேச்சு எடுபடாது என்று அவளுக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் சொன்னதை அவர் அடியோடு தள்ளிவிடவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. வால்பக்கம் என்றாள் அல்லவா? மறுநாளிலிருந்து வால்பக்கத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தார். துணி துவைக்கிற பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி அதை வைத்துத் தேய்த்தார். அங்கே முடி கெட்டியாகப் பின்னிக்கொண்டு கையில் உருண்டையாகத் தட்டுப்பட்டது. சிக்கு என்று நினைத்துச் சீப்பைப் போட்டு இழுத்தார். கத்தரிக்கோலை எடுத்து வெட்டியிருந்தால் அடியில் இருப்பது தெரிந்திருக்கும், ஆனால் முடியில் கை வைக்கக் கூடாது என்று சம்ரீன் சொல்லியிருந்தாளே. ஈ மொய்க்கிறது என்றாள் அல்லவா? சாம்பிராணியை இன்னொரு பிடி அள்ளிப் போட்டார். ஈ பறந்தது.

பொன்னி மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் குழாய்ச் சத்தம் கேட்டால் குதித்துக்கொண்டு வரும். இப்போது பக்கெட்டை அவர் தூக்கினாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டியது. அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். பிரஷ் படும்போது அது கேவியது, ஒரு தரம் திரும்பி அவர் கையைக் கவ்வியது. கவ்வியதே தவிரக் கடிக்கவில்லை. கவ்விய இடத்தை உடனே நக்கிக் கொடுத்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு. உன் நல்லதுக்குத்தான். இல்லன்னா தோப்புக்கு அனுப்பிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. கலங்கினாலும் கை நிற்கவில்லை.

சம்பந்தியம்மாள் வந்த அன்று பொன்னிக்கு இரண்டு தரம் குளியல். வீடு முழுக்கச் சாம்பிராணி மூட்டம். பொன்னியைப் பின்கட்டில் கட்டிவிட்டு, அன்புச்செல்வன் வெளுத்த வேட்டியோடு வாசலில் நின்றார். காரிலிருந்து முதலில் சம்பந்தியம்மாள் இறங்கினாள், அவளுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாழினி இறங்கினாள்.

சம்பந்தியம்மாள் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். முந்தானை மூக்குக்குப் போகவில்லை. ஒரு தரம், பிறகு இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள். சந்திரம்மாள் காபி டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"பரவால்லையே சம்பந்தி! வீடு கோயில் மாதிரி மணக்குது. நான் என்னவோ பயந்துட்டே வந்தேன். வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடுங்க, எனக்கொண்ணும் இல்ல."

அன்புச்செல்வனுக்கு அந்த நிமிஷம் காபிக் கடையை மொத்தமாகத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். பொன்னிக்குத் தோப்பும் இல்லை, தூணும் இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் மட்டும் தெளிவு இல்லை.

யாழினி உட்காரவில்லை. "பொன்னி எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டாள். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு மூக்கு எப்படி இருக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் மூன்றாம் வீட்டில் கடுகு தாளித்தால் இவளுக்குக் குமட்டுகிறது என்று போனில் சிரித்துப் பேசிக்கொண்டவர்கள்தான் அவர்கள். சாம்பிராணி அவளை ஏமாற்றவில்லை.

"அப்பா! இங்க வாங்கப்பா!"

அவர் ஓடினார். யாழினி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள். பொன்னி அவள் காலடியில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. வாலை ஆட்டப் பார்த்தது, வால் எழும்பவில்லை.

"இது நாய் நாத்தம் இல்லப்பா. உடம்பு அழுகுற நாத்தம். உங்க யாருக்குமா தெரியல?"

குமட்டலை அடக்கிக்கொண்டு குனிந்து, வாலுக்கு மேலே அந்தப் பின்னிய முடியை அவள் இரண்டு விரலால் விலக்கினாள். முடி கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் தோல் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று புண். அந்தப் புண் அசைந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் அவ்வளவும் புழு என்று தெரிந்தது.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று அலறிவிட்டு அவள் குழாயடி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

சம்பந்தியம்மாள் கெட்டவள் இல்லை. கதவோரம் வந்து நின்று பார்த்து, "ஐயோ, வாயில்லா ஜீவன்" என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் மருமகளின் முதுகைத் தடவிக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காரில் உட்காரவைத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. வளைகாப்பை ஜாம்ஜாம்னு பண்ணுவோம். பிரசவம் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். இதுவும் மரியாதையாகத்தான் சொல்லப்பட்டது. சந்திரம்மாள் கார் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

நாய் டாக்டர் முடி முழுவதையும் மெஷின் வைத்து வழித்தார். வழித்துப் போட்ட முடி ஒரு தலையணை அளவுக்குக் குவிந்தது, பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல அடியெல்லாம் ஈரம். இடுக்கியால் புழுவை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டபடியே அவர் கேட்டார்.

"ஈரம் தங்கித் தோல் அழுகியிருக்கு. அது மேல எதையோ வெச்சுத் தேய்ச்சிருக்கீங்க. எவ்வளவு நாளா நாத்தம் வருது?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் அன்புச்செல்வன்.

"கூடவே இருக்கீங்க, தெரியாதுங்கறீங்க?"

மூக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் பாவப்பட்டிருப்பார். தினமும் அந்தப் புண்ணின் மேல் துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்தவனுக்குப் பாவப்பட வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. சந்திரம்மாள்தான் முன்னால் வந்து, எப்போதிலிருந்து வருகிறது, எந்த இடத்திலிருந்து வருகிறது, எப்போது மாறியது என்று எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று மட்டும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலை போல இருந்திருக்கும்.

மறுநாள் பரக்கத் அலி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். நாய் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "சார், நான் வாசல்ல நின்னு சொன்னேன். புகைதான் வந்துச்சு, வேற ஒண்ணும் தெரியல. கிட்ட வந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கணும். ஒளுவைத் திரும்பச் செஞ்சுக்கலாம், இதைத் திரும்பச் செய்ய முடியுமா?" என்று சொன்னார். "நானும்தான் கூப்பிடல பாய்" என்றார் அன்புச்செல்வன்.

பொன்னி பிழைத்துக்கொண்டது. மருந்து போட்டவள், கட்டுப் பிரித்தவள், ஊசிக்குக் கூட்டிப் போனவள் எல்லாம் சந்திரம்மாள். ஒரு நாளும் அதைத் தொட்டறியாதவள் இப்போது புண்ணருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "இன்னிக்குப் பரவால்ல" என்று அதனிடமே சொன்னாள். தோப்பைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. அண்ணன் தானாகப் போன் செய்து, "நாயை எப்ப அனுப்புற?" என்று கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பொன்னி இனி இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. இதற்காகத்தானே அன்புச்செல்வன் இவ்வளவு பாடும் பட்டது?

ஆனால் பொன்னி அவரிடம் வரவில்லை.

முதலில் வலி என்று நினைத்தார். புண் ஆறிப் புதுத்தோல் மூடி, அங்கங்கே பூனைமுடி போல முளைக்கவும் ஆரம்பித்தது. அப்போதும் வரவில்லை. அவர் அறைக்குள் வந்தால் அது சுவரோடு சுவராக நகர்ந்து வெளியே போகும். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற தட்டை விட்டுவிட்டுச் சந்திரம்மாளின் புடவைக்குப் பின்னால் போய் நிற்கும். பிரஷ்ஷையும் பக்கெட்டையும் குப்பை வண்டியில் போட்டார். வேட்டியை விட்டுவிட்டு லுங்கி கட்டிப் பார்த்தார். பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பிஸ்கட்டில் எறும்பு வந்தது, பொன்னி வரவில்லை.

ஒரு நாள் அது முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவர் சத்தமில்லாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முன்பு மாதிரிக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை, ஒரே ஒரு தரம் போதும் என்று ஆசை. கை பட்டதும் அது விழித்தது. ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான்கு காலையும் உள்ளே இழுத்து, நடுங்கியது. அவர் லுங்கி நனைந்து சூடாகத் தொடையில் ஒட்டிய பிறகுதான் அது பயத்தில் சிறுநீர் விட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

சந்திரம்மாள் தரை துடைக்கிற துணியோடு வந்தாள். "போகப் போகச் சரியாயிடுங்க" என்றாள்.

"இல்ல சந்திரா. ஆகாது" என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. கருகின சட்டிக்கு எதிரில் நின்ற அன்றைக்கும் இப்படித்தான் இருந்தார் என்று அவளுக்கு ஞாபகம் வந்து, அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் தானாக ஏற்பட்டது. காலையில் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அன்புச்செல்வன் பஸ் ஏறிவிடுவார். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, நிழலாக ஒரு பெஞ்சு பார்த்து உட்கார்ந்துகொள்வார். தம்பி கடைக்குப் போவதில்லை. தெரிந்தவர்கள் கேட்டால் ஒரு வேலையாக வந்தேன் என்பார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் பொன்னி முன்னறைக்கு வருகிறது, படியேறுகிறது, தட்டைக் காலி செய்கிறது என்று சந்திரம்மாள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். உடம்பு தேறி வருகிறதாம். யாழினிக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியும் அந்தப் பெஞ்சில்தான் போனில் வந்தது. ஸ்ரீரங்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குழந்தையைத் தூக்கச் சொன்னபோது, வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒரு மாலை கே.கே. நகர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. அவரும் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ்ஸை நோக்கிப் போனார். போன் அடித்தது.

"கெளம்பிட்டீங்களா?" என்றாள் சந்திரம்மாள்.

"இந்தா, பஸ்ல காலை வெக்கப் போறேன். ஏன்?"

பின்னால் சின்னச் சின்னதாகக் குரைக்கிற சத்தம் கேட்டது. அந்தக் குரலை அவர் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"ஒண்ணுமில்ல... பாய் வீட்டம்மா ஒரு பழைய பந்து குடுத்தாங்க. ஹால்ல போட்டு உருட்டிட்டு இருக்கு. இன்னிக்குத்தாங்க மொதல்ல வெளாடுது. அதான்..."

"சரி சரி. வெளாடட்டும். நான் அடுத்த பஸ்ல வரேன்."

போனை வைத்துவிட்டு அன்புச்செல்வன் படியிலிருந்து காலை எடுத்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போனதும் அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த பஸ்ஸும் வந்தது. அதையும் போகவிட்டார்.